ஒருசந்தி காத்த பிள்ளை

எங்கள் வீட்டில் ஒருசந்திக்கு என்றுமே மரியாதை அதிகம். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் பொழுது சாயும்வரை என் தாயார் பச்சைத் தண்ணீர் தவிர வேறெதையும் வாயில் வைக்கமாட்டார். திட்டக்குடியின் பங்குனி வெயிலை அறிந்தவர்களுக்கு அதன் பொருள் விளங்கும். வெள்ளாறு வெறும் மணற்பரப்பாய்க் கிடக்கும். நண்பகலில் தெருநாய்கூட வெளியே தலைகாட்டாது. அந்த வெம்மையில் அடுப்படியில் நின்று எங்களுக்கெல்லாம் சமைத்துப் பரிமாறிவிட்டு, மாலையில் சிலுவைப்பாதை முடிந்து வந்தபின்தான் நொய்க்கஞ்சியும் துவையலும் உண்பார். ‘ஒருசந்தி’, ‘சுத்தபோசனம்’ என்னும் அந்தப் பழஞ்சொற்கள் இன்றைய இளையோருக்குப் புரிவதில்லையே என்று நான் பலமுறை குறைபட்டதுண்டு. ஆகவே 2022-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் எங்கள் குடும்பத்துப் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி அச்சொற்களை மீண்டும் எடுத்துக்கொண்டபோது நான் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. அந்த மகிழ்ச்சி எத்தகைய குருட்டுத்தனம் என்று உணர எனக்கு எட்டு மாதங்கள் பிடித்தன.

அவள் என் அண்ணனுடைய பேத்தி. நானே அவளுக்கு ஞானத்தகப்பன். ஒப்புதல் கேட்ட பின்னரே இதை எழுதுகிறேன். “எழுதுங்க சின்ன தாத்தா, பேரும் காலேஜும் மட்டும் வேண்டாம்” என்றாள். அவ்வாறே விட்டுவிடுகிறேன்.

சாம்பல் புதனன்று தொடங்கினாள். முதலில் வெள்ளிக்கிழமைகள் மட்டும். பிறகு புதனும் சேர்ந்தது. மூன்றாவது வாரத்தில் நாள்தோறும் ஒருவேளை என்றாயிற்று. விடுதியிலிருந்து வார இறுதியில் ஊருக்கு வரும்போதெல்லாம் முகம் ஒடுங்கியிருந்தது. ஆனால் அதில் ஒரு தெளிவு இருப்பதாக எனக்குத் தோன்றிற்று. பங்கின் இளையோர் கூட்டத்தில் பேச அழைத்திருந்தார்கள். ஒறுத்தலைப் பற்றிப் பேசிய நான், பெயரைச் சொல்லியே அவளைப் பாராட்டினேன். அவள் தலை குனிந்துகொண்டாள். அதை நான் அடக்கம் என்று எண்ணினேன்.

உயிர்ப்புப் பெருவிழாவன்று வீட்டில் பிரியாணி. அவள்தான் பரிமாறினாள். ஒவ்வொருவர் இலையையும் பார்த்துப் பார்த்து, போதாது போதாது என்று வைத்தாள். சமையலிலும் பாதி அவள் கைவேலை. எல்லாரும் உண்டு எழுந்தபின், தான் அடுப்படியிலேயே சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னாள். ஆண்டவர் உயிர்த்துவிட்டார், எங்கள் பிள்ளையின் ஒருசந்தி மட்டும் முடியவில்லை. அதை நாங்கள் ஒருவரும் கவனிக்கவில்லை.

உபவாசம் இருக்கும்போது தலைக்கு எண்ணெய் தடவி முகம் கழுவி, பிறர் அறியாதவாறு இருக்கவேண்டும் என்று மத்தேயு நற்செய்தியில் ஆண்டவர் கற்பிக்கிறார். சாம்பல் புதன்தோறும் கேட்ட அந்தக் கட்டளையை, அவளுக்குள் புகுந்திருந்த நோய் எழுத்துப் பிசகாமல் கைக்கொண்டது. தளர்ந்த துப்பட்டா, முழுக்கை மேற்சட்டை, சிரித்த முகம். அந்த மறைப்பில் பக்தி எது, பிணி எது என்று பிரித்தறிய எங்களுக்கு யாரும் கற்பித்ததில்லை.

ஆடி மாதத்தில் முடி கொத்துக்கொத்தாய் உதிர்ந்தது. அந்த வெக்கையிலும் குளிர்கிறது என்று போர்த்திக்கொண்டாள். மாதவிலக்கு நின்றுபோனதை அவள் தாய் கண்டுபிடித்தபோது வீட்டில் விழுந்த மௌனத்தை எழுதக் கை கூசுகிறது. நம் ஊர்களில் மணமாகாத பெண்ணுக்கு அது நின்றால் மனம் எங்கே போகும் என்பதை வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக்கூடாதென்று விருத்தாசலம்வரை அழைத்துச் சென்று சோதனை செய்தார்கள். ஒன்றுமில்லை என்று வந்ததும் எல்லாரும் பெருமூச்சு விட்டோம். நாங்கள் அவளை எவ்வாறு ஐயுற்றோம் என்பதை அவள் அறிவாள். ஆயினும் அதைப்பற்றி இன்றுவரை ஒரு சொல் பேசியதில்லை.

பின்னர் மருத்துவர்கள். ஒருவர் குடற்புழு என்றார். ஒருவர் தைராய்டு பார்க்கச் சொன்னார். ஒருவர் குழாயிட்டு இரைப்பையைப் பார்த்துவிட்டுப் புண் இல்லை என்றார். இந்த வயதுப் பிள்ளைகள் ‘டயட்’ இருப்பது வழக்கம்தான் என்று சிரித்தவரும் உண்டு. யார்மீதும் குறையில்லை, கண்ணெதிரே இருந்த நாங்களே காணாததை அவர்கள் ஐந்து நிமிடத்தில் எப்படிக் காண்பார்கள்? கோணாங்குப்பத்துப் பெரியநாயகி அன்னைக்கு நேர்ந்துகொண்டோம். வீரமாமுனிவர் எழுப்பிய அந்தத் திருத்தலத்திற்கு அவளையும் அழைத்துக்கொண்டு போனோம். திரும்பும் வழியில் பேருந்திலேயே மயங்கிச் சாய்ந்தாள்.

அவளைச் சேர்த்த மருத்துவமனையில் ஓர் இளம் பெண் மருத்துவர் பணியில் இருந்தார். எங்களை வெளியே நிறுத்திவிட்டு அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: “சாப்பிடப் பிடிக்கலையா, இல்லை சாப்பிட பயமா இருக்கா?” நெடுநேரம் கழித்து அவள், “பயம்” என்றாள். எட்டு மாதமாக நாங்கள் யாரும் கேளாத கேள்வி அது.

மருத்துவர் சொன்ன பெயர் அனொரெக்சியா நெர்வோசா. 1870-களில் இலண்டனில் வில்லியம் கல் என்னும் மருத்துவர் சூட்டிய பெயர். ஏறத்தாழ அதே நேரத்தில் பாரீசில் லசேக் என்பவரும் இந்நோயை விவரித்தார். சொல்லுக்குப் பொருள் ‘பசியின்மை’. தமிழாசிரியனாக இருந்த பழக்கத்தால் எனக்கு அங்கேயே ஓர் உறுத்தல். ஏனெனில் இந்த நோயாளிக்குப் பசி இல்லாமல் இல்லை, பசியோடு போரிடுகிறாள். நம் மருத்துவ நூல்களில் வரும் ‘அரோசகம்’ என்பது சுவை வெறுத்தல், அதுவும் பொருந்தாது. அடங்காப் பசிக்கு மணிமேகலையில் ‘யானைத்தீ’ என்று ஒரு பெயர் இருக்கிறது. காயசண்டிகை பன்னிரண்டு ஆண்டுகள் அதனால் துன்புற்றாள். எரியும் பசிக்குப் பெயர் வைத்த நம் மொழி, அஞ்சி அடக்கிய பசிக்கு ஏன் பெயர் வைக்கவில்லை? பஞ்சத்தையே பகையாகக் கண்ட மக்களுக்கு, சோறு இருந்தும் உண்ணாத பிள்ளை கற்பனைக்கு எட்டியிராது என்றுதான் நினைக்கிறேன்.

அதன்பிறகு நான் தேடித்தேடி வாசித்தேன். இது வெள்ளைக்காரர் நோய், செல்வர் வீட்டு நோய் என்ற எண்ணம் எனக்கும் இருந்தது. ஆனால் நம் நாட்டு மருத்துவர்களே இதைக் குறித்துப் பல ஆண்டுகளாக எழுதிவந்திருக்கிறார்கள். 1995-இல் தில்லி அகில இந்திய மருத்துவ நிலையத்தைச் சார்ந்த கண்டேல்வால் முதலியோர் ஐந்து இளம்பெண்களைப் பற்றி எழுதினார்கள். உண்ண மறுத்தார்கள், வாந்தி எடுத்தார்கள், மெலிந்தார்கள், மாதவிலக்கு நின்றது. ஆனால் மேனாட்டு நூல்கள் கூறும் உடல்தோற்றம் பற்றிய திரிபான எண்ணம் அவர்களிடம் காணப்படவில்லை. ஹாங்காங்கில் சிங் லீ என்னும் மருத்துவரும் குழுவினரும் 1993-இல் 70 சீன நோயாளரை ஆராய்ந்ததில், பாதிக்கு மேற்பட்டோர் தடிப்பைக் குறித்து அஞ்சவில்லை என்று கண்டார்கள். வயிறு உப்புகிறது, இறங்கவில்லை என்பதே அவர்கள் சொன்ன காரணம். எங்கள் பிள்ளையும் தொடக்கத்தில் சொன்னது அதுவே: “வயிறு திம்முன்னு இருக்கு.” அதைக் கேட்டுத்தானே குடற்புழு மாத்திரை வாங்கினோம்!

சென்னையில் ஸ்ரீனிவாசன், சுரேஷ் முதலிய மருத்துவர்கள் 210 மருத்துவ மாணவரை நேரில் ஆராய்ந்து 1998-இல் வெளியிட்ட கட்டுரையும் உண்டு. அவர்களுள் 14.8 விழுக்காட்டினரிடம், முழு நோய் என்று சொல்ல முடியாத, ஆனால் உணவையும் எடையையும் குறித்த ஓயாத மனவருத்தம் இருந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் சிறுவர், வளரிளம் பருவத்தினரைப் பற்றி 2007-இல் எழுதியபோது, அவர்கள் கண்டவர்களுள் பெரும்பாலோரின் துன்பம் மனக்காரணத்தால் வரும் வாந்தியாகவே இருந்தது. நோய் நம்மிடம் வரும்போது நம் ஊர் உடையை உடுத்திக்கொள்கிறது போலும். நமக்கு அருகிலுள்ள புதுச்சேரி ஜிப்மரின் விகாஸ் மேனன் உள்ளிட்ட மூவர் 2019-இல் இந்திய ஆய்வுகளைத் திரட்டி நோக்கியபோது, பெரும்பகுதி தனிநோயாளரைப் பற்றிய குறிப்புகளாகவே இருப்பதையும், நம் பண்பாட்டுக்குரிய கேள்வித்தாள்கள் தேவைப்படுவதையும் எடுத்துக்காட்டினார்கள்.

கேள்வித்தாள் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1989-இல் கிங், புக்ரா என்னும் இருவர், மேனாட்டுக் கேள்வித்தாளை இந்தியில் பெயர்த்து வடஇந்திய நகரொன்றில் 580 பள்ளி மாணவியரிடம் கொடுத்தார்கள். நூற்றுக்கு 29 பேர் ஐயத்திற்குரியவர்களாகத் தேறினார்கள்! நெருங்கிப் பார்த்தபோது, பலர் சில கேள்விகளை வேறுவிதமாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். விரதத்தை மனத்தில் வைத்து விடை எழுதியவர்களும் இருந்தார்கள். அங்கே ஆய்வாளருக்கு விரதம் நோயாகத் தெரிந்தது. எங்கள் வீட்டில் நோய் விரதமாகத் தெரிந்தது. இரண்டும் ஒரே பிழையின் இரு முகங்கள் அல்லவா?

என்னை மிகவும் உலுக்கியது வேறொன்று. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944 நவம்பரில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 இளைஞரைக் கொண்டு ஒரு சோதனை தொடங்கினார். மனச்சான்று இடங்கொடாமையால் படைக்கலம் ஏந்த மறுத்தவர்கள் அவர்கள். பலர் குவேக்கர், மெனோனைட், பிரதரன் சபைகளைச் சார்ந்த பக்தியுள்ள கிறித்தவர்கள். போரில் பட்டினி கிடந்த மக்களை மீட்டெடுக்கும் வழி அறியவேண்டும் என்பதற்காகத் தாமே முன்வந்தார்கள். உடலும் மனமும் நலமாயிருந்த அவர்களுக்கு ஆறு மாதம் அரைவயிற்று உணவு. சில வாரங்களில் அவர்கள் பேச்செல்லாம் உணவாயிற்று. சமையற் குறிப்புகளைச் சேகரித்தார்கள். ஒரு தட்டு உணவை மணிக்கணக்கில் வைத்துப் பிசைந்து தின்றார்கள். எரிச்சலும் சோர்வும் மிகுந்து நண்பரை விலக்கினார்கள். கோடையிலும் குளிர்ந்தது. இதை வாசித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பிரியாணியைப் பார்த்துப் பார்த்துப் பரிமாறிய கை, கைப்பேசியில் ஓயாமல் சமையற்காட்சிகள் பார்த்த கண், போர்வை, சுள்ளென்ற சொல், எல்லாம் அதில் இருந்தன. பிடிவாதம் என்று நாங்கள் திட்டியதில் பாதி, பட்டினி கிடந்த மூளையின் புலம்பல்தான். முதல் மருந்து அறிவுரையன்று, சோறு என்று மருத்துவர் சொன்னதன் பொருள் அப்போதுதான் புரிந்தது.

ஆனால் அந்தச் சோற்றையும் அள்ளிக் கொடுக்கக்கூடாது. மருத்துவமனையில் அவள் பாட்டி பால்சோறும் முட்டையுமாகக் கொண்டுபோய் நின்றபோது செவிலியர் தடுத்துவிட்டார், பாட்டிக்குப் பெருங்கோபம். நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென உணவு மிகுந்தால் இரத்தத்தில் பாஸ்பேட் முதலிய உப்புகள் சட்டெனக் குறைந்து இதயமே நின்றுவிடக்கூடும். போரின் முடிவில் முகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களுள் உணவு கிடைத்தபின் இறந்தவர்கள் உண்டு. ஆகவே சிறிது சிறிதாக, நாள்தோறும் இரத்தம் சோதித்து ஏற்றினார்கள். பதினாறு நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் பெற்றோரை அழைத்து, “இனி மருந்து நீங்கள்தான்” என்றார்.

இலண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையில் ரசல், டேர், ஐஸ்லர் முதலியோர் வகுத்து 1987-இல் வெளியிட்ட ஆய்வின் வழி அது. அதற்குமுன் பெற்றோரே நோய்க்குக் காரணம் என்று அவர்களை விலக்கிவைக்கும் போக்கும் இருந்தது. இவர்கள் அதை மாற்றினார்கள். நோய் தொடங்கி நெடுங்காலம் ஆகாத இளவயதினருக்கு, குடும்பமே உணவுப் பொறுப்பை ஏற்பது நல்ல பயன் தந்தது. முதற்கட்டத்தில் பெற்றோர் அருகிருந்து உண்ணச் செய்வது. உடல் தேறியபின் பொறுப்பைச் சிறிது சிறிதாகப் பிள்ளையிடம் திருப்புவது. பிறகு அந்த வயதுக்குரிய மற்ற காரியங்களைப் பேசுவது. யாரையும் பழிப்பதில்லை. பிள்ளை வேறு, நோய் வேறு.

எழுதும்போது எளிதாக இருக்கிறது. அவள் தந்தை திட்டக்குடியில் உரக்கடை வைத்திருக்கிறார். விதைப்புக் காலத்தில் பகலுணவுக்குக் கடையைப் பூட்டினால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார்கள். பூட்டினார். நாள்தோறும் ஒரு மணிக்கு வந்து அவள் அருகில் அமர்ந்து, தாமும் உண்டு, அவள் தட்டு ஒழியும்வரை எழாமல் இருந்தார். ஓர் இட்டிலிக்கு ஐம்பது நிமிடம் ஆன நாளும் உண்டு. ஒருநாள் தட்டைத் தூக்கி எறிந்தாள். சாம்பார் சுவரில் வழிந்தது. “நான் செத்தா உங்களுக்கென்ன?” என்று கத்தினாள். அவர் எழுந்து சுவரைத் துடைத்துவிட்டு, வேறொரு தட்டில் மீண்டும் வைத்தார். கடையில் கடன் கேட்பவரிடம் சள்ளென்று விழும் மனிதர் அவர். அந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

யாயீர் மகளை ஆண்டவர் எழுப்பிய பகுதியை அந்நாட்களில் அடிக்கடி வாசித்தேன். மாற்கு அந்தப் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது என்கிறார். எழுந்து நடந்ததும் எல்லாரும் திகைத்து நிற்க, ஆண்டவரோ பிள்ளைக்கு உண்ண ஏதேனும் கொடுங்கள் என்கிறார். எத்தனை ஞாயிறு கேட்டும் என் காதில் விழாத வரி.

சியன்னா நகர்ப் புனித கத்தரீனையும் இங்கே சொல்லாமல் இருக்கமுடியாது. 1380-இல் முப்பத்துமூன்று வயதில் இறந்த அவர், பல ஆண்டுகள் நற்கருணை தவிர உணவு மிகக் குறைவாகவே கொண்டார். அவருக்கு இருந்தது இந்நோயே என்னும் கருத்தில் ருடால்ப் பெல் என்பவர் 1985-இல் ஒரு நூல் எழுதினார். இரண்டு ஆண்டுகள் கழித்து கரோலின் பைனம், இடைக்காலப் பெண்களுக்கு உணவு எத்தனையோ பொருள் உடையதாயிருந்தது, அதை இன்றைய நோயின் பெயரில் அடைத்துவிட முடியாது என்று எழுதினார். பைனம் சொல்வதே எனக்கு ஏற்புடையது. புனிதரை நோயாளியாக்க மனம் வரவில்லை என்பதும் ஒரு காரணமாயிருக்கலாம். எனினும் ஒரு செய்தி தெளிவு: அவரை உண்ணச் சொன்னவர்கள் அவருடைய ஆன்ம குருக்களே. திருச்சபைச் சட்டமும் இதில் தாராளமானதுதான். ஒருசந்திக் கடமை பதினெட்டு வயதில் தொடங்கி அறுபதாம் வயது தொடங்கியதும் முடிகிறது. இலத்தீன் வழிபாட்டு முறையினருக்கு ஆண்டில் இரண்டே நாள், சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும். நோயுற்றோருக்கு அதுவும் இல்லை. சட்டம் கேளாததை அவளிடம் கேட்டது எங்கள் பாராட்டுதான்.

நோயின் வேர் எது? நெடுநாள் கழித்து அவளே சொன்னாள். உறவினர் திருமணத்தில் ஓர் அத்தை, “இவளுக்குப் பூசின உடம்பு, இப்பவே பார்த்துக்கணும்” என்றாராம். நானும் உடனிருந்து சிரித்தேனாம்; எனக்கு நினைவில்லை. அத்தையைத் தூக்கில் போடவேண்டாம் என்றார் மருத்துவர். ஆயிரம் பெண்கள் அத்தகைய சொல்லைக் கேட்டும் ஒருத்திதான் நோயில் விழுகிறாள். இரட்டையரை ஆராய்ந்தவர்கள் இதில் பரம்பரைக் கூறு இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். எதிலும் குறையற்றிருக்க விரும்பும் இயல்பும் ஒரு காரணம். ஆனால் உலகம் பார்க்கச் சொல்லும் உருவங்களுக்கும் பங்கு உண்டு. பிஜித் தீவின் ஒரு பகுதிக்கு 1995-இல் தொலைக்காட்சி வந்தது. எடை குறைக்க வாந்தி எடுப்பதாகச் சொன்ன பள்ளிப் பெண்கள் அவ்வாண்டு ஒருவருமில்லை. 1998-இல் நூற்றுக்குப் பதினொருவர் என்று ஆன் பெக்கர் கண்டார். பருத்த உடலைச் சிறப்பாகக் கருதிவந்த தீவு அது. இன்று அந்தத் தொலைக்காட்சி பிள்ளைகளின் உள்ளங்கையிலேயே இருக்கிறது.

அவள் தேறத் தொடங்கியதும் எனக்குப் பழைய ஆசிரியப் புத்தி வந்துவிட்டது. இளையோர் கூட்டத்தில் இந்நோயைப் பற்றி ஒரு சொற்பொழிவு வைத்து, அவளையே பேசச் செய்யலாம் என்று எண்ணினேன். மருத்துவர் உடனே தடுத்தார். 1997-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் அவ்வாறு செய்து பார்த்தார்களாம். நோயிலிருந்து மீண்ட மாணவியர் வந்து பேசினார்கள். கேட்டவர்களிடம் நோய்க்குறிகள் குறையவில்லை, சிறிது கூடவே செய்தன. பயன் கண்டது வேறு முறை. எரிக் ஸ்டைஸ் என்பவர் உருவாக்கியதில் யாரும் சொற்பொழிவாற்றுவதில்லை. பெண்களே வட்டமாக அமர்ந்து, ஒல்லியே அழகு என்னும் எண்ணத்தை எதிர்த்து வாதிடவேண்டும், கடிதம் எழுதவேண்டும், நடித்துக்காட்டவேண்டும். தாம் வாய்விட்டு எதிர்த்த ஒன்றை மனம் முன்போல் நம்புவதில்லை. பேசியே பழகிய எனக்கு இது சற்றுக் கசப்பான பாடம். இப்போது எங்கள் பங்கில் ஐந்தாறு பெண்கள் மாதம் ஒருமுறை அமர்கிறார்கள். நான் நாற்காலிகளைப் போட்டுவிட்டு வந்துவிடுவேன். மனநல உதவிக்கு அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸின் 14416 என்னும் எண்ணை அறிவிப்புப் பலகையில் எழுதியதும் நான்தான். அதிலும் எழுத்துப் பிழை இருப்பதாக ஒருத்தி திருத்தினாள்.

அவள் முழுமையாகக் குணமடைந்துவிட்டாள் என்று எழுதமாட்டேன். இடையில் ஒருமுறை மீண்டும் சறுக்கினாள். தந்தை மீண்டும் கடையைப் பூட்டினார். படிப்பை ஓராண்டு தாமதித்து முடித்தாள். முடி வளர்ந்திருக்கிறது. திருமண வீடுகளுக்கு இன்னும் வருவதில்லை.

2025-ஆம் ஆண்டுச் சாம்பல் புதனுக்கு முந்தின நாள் மாலை என்னைப் பார்க்க வந்தாள். திண்ணையில் சிறிது நேரம் சும்மா அமர்ந்திருந்தாள். பிறகு கேட்டாள்: “சின்ன தாத்தா, இந்த வருசம் நான் ஒருசந்தி இருக்கலாமா?”

எனக்கு நெஞ்சு படபடத்தது. “டாக்டர் என்னம்மா சொல்றாங்க?”

“வேண்டாம்னுதான் சொல்றாங்க. சாமியாரும் வேண்டாம்னுட்டார்.”

“அப்புறம் ஏன் என்கிட்ட கேக்குற?”

“நீங்களும் சொல்லணும்னு” என்றாள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அவள் பெயரைச் சொல்லிப் புகழ்ந்த வாயால், “இருக்க வேண்டாம்மா” என்றேன். தலையசைத்தாள். உள்ளே என் மனைவி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். “ரெண்டு போதும், சின்ன பாட்டி” என்று குரல் கொடுத்துக்கொண்டே எழுந்து போனாள்.